பாட்டி சொன்ன ‘ச்சா’

கேள்வி:

அன்புள்ள அம்மா, எனக்கு 25 வயது. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமச் சேகரம் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பகுதி) ஒன்றின் ஆதரவோடு மிஷனெரியாகக் கம்போடியாவுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் எட்டு மாதம் புனோம் பென்னில் மொழி கற்றேன். இப்போது தெற்கே நெல்வயல்கள் சூழ்ந்த ஓர் ஊரில், இருபது பேர் கூடும் சிறு சபையோடு இணைந்து, மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தருகிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டின் பாட்டிக்கு ஜூன் மாதம் கடுமையான காய்ச்சல். அருகில் அமர்ந்து ஜெபித்து, எனக்குத் தெரிந்த க்மேர் மொழியில் இயேசுவைப் பற்றிச் சொல்லி, “ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு “ச்சா, ச்சா” என்றார். ஊரில் என்னைத் தாங்குகிறவர்களுக்கு மாதந்தோறும் அனுப்பும் ஜெபக் கடிதத்தில், அந்த மாதம், ஒரு தாயார் இரட்சகரை ஏற்றுக்கொண்டார் என்று அவர் படத்துடன் எழுதினேன். ஊரில் ஆராதனையில் வாசித்து ஸ்தோத்திரம் செலுத்தினார்களாம். அடுத்த வாரமே பாட்டி வழக்கம்போல் வாசலில் நின்று பிக்குகளுக்குச் சோறு இட்டார். இப்போது முன்னோர்களுக்கான ப்சும் பென் பண்டிகை வருகிறது. விடியற்காலையில் விகாரைக்குத் தம்மோடு வரும்படி என்னை அழைக்கிறார். போகலாமா? சில வாரங்களாகத் தூக்கம் இல்லை. ஊர் திரும்பிவிடுவதே நல்லதோ என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

ஆலோசனை:

அன்புள்ள தம்பிக்கு,

பண்டிகைக்குப் போவதா, ஊர் திரும்புவதா என்ற இரண்டையும் நேராகக் கேட்டிருக்கிறீர்கள். பாட்டியைப் பற்றி எழுதியது சரிதானா என்பதை மட்டும் கேள்வியாக வைக்காமல், நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பணித்தளங்களிலிருந்து திரும்பி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலையாக இருக்கிறது. அவர்கள் கடைசியில் அழுதுகொண்டே சொல்லும் விஷயம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கடிதத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

க்மேர் மொழியில் ஆண்கள் ‘பாத்’ என்றும் பெண்கள் ‘ச்சா’ என்றும் சொல்லும் சொல்லை, ‘ஆம்’ என்ற பொருளில் மொழிப் பள்ளியின் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். அகராதியும் அப்படித்தான் சொல்லும். ஆனால் ஒரு வீட்டுக்குள் வாழத் தொடங்கிய பிறகு, அந்தச் சொல் எத்தனை இடங்களில் வந்து விழுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே அது வரும். பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழியாக வரும். வேறு பதில் சொல்வதற்கு முன்னாலும் ஒருமுறை வரும். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், உங்களை மதிக்கிறேன்’ என்பதைத் தெரிவிக்கும் மரியாதைச் சொல் அது. வீடு சந்திக்க வரும் உபதேசியாரிடம் நம் ஊர் ஆச்சிமார் “ஆகட்டும் ஐயா, நல்லது ஐயா” என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்புவதில்லையா? அந்த ‘ஆகட்டும்’ என்ற ஒரு சொல்லை வைத்து எந்த உபதேசியாரும் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறப்பதில்லை. அவருக்குத் தமிழ் தெரியும், ஆச்சியையும் தெரியும்.

அந்த இரவைப் பாட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். காய்ச்சலில் உடம்பு நடுங்குகிறது. வீட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பையன், ‘யேய்’ என்று தம்மைப் பாட்டி முறை வைத்து அழைக்கிறவன், ஈரத்துணியோடு வந்து அருகில் உட்காருகிறான். கண்ணை மூடி ஏதோ வேண்டுகிறான். பிறகு தட்டுத்தடுமாறிய மொழியில் ஏதோ கேட்கிறான். அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பிடி உண்மையானது, தம்பி. நன்றியும் பிரியமும், இந்தப் பிள்ளை இவ்வளவு தூரத்திலிருந்து வந்து தனியாகக் கிடக்கிறானே என்ற இரக்கமும்கூட அதில் இருந்திருக்கும். அதைப் பெற்றதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்கு வேறொரு பெயர் வைத்து ஊருக்கு அனுப்பினீர்களே, திருத்த வேண்டியது அதை மட்டும்தான்.

அப்படி எழுதியதற்கு நீங்கள் ஒருவர் மட்டும் காரணமும் இல்லை. மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். கடலைமிட்டாய் விற்றும் முறுக்குச் சுற்றியும் சேர்த்த பணத்தை உங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கியம் அனுப்புகிறது என்பதை அறிந்த மனசாட்சியுள்ள எந்த இளைஞனுக்கும், ‘இந்த மாதம் இருபது வினைச்சொற்களைக் கற்றேன், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு’ என்று எழுதக் கை வராது. என் இருபத்தேழாம் வயதில், வட இந்தியாவில் மலைக் கிராமம் ஒன்றில், சந்தாளி பேசும் மக்களிடம் நான் இந்தியில் பேசிவிட்டு, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சொல்லி, உயர்ந்த கைகளை எண்ணி 37 என்று எழுதி அனுப்பினேன். முன்வரிசைப் பிள்ளைகள் விளையாட்டாகக் கையைத் தூக்கியதும் பின்னால் இருந்தவர்களும் தூக்கினார்கள் என்று உள்ளூர் ஊழியர் ஒருவர் சில மாதங்கள் கழித்து மெல்லச் சொன்னார். நான் அதைத் திருத்தவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு நினைவுமலரில் அந்த 37 அச்சாகியிருந்தது; அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்றும் முழுவதும் போகவில்லை. உங்களுக்கு இப்போது மூன்று மாதந்தான் ஆகியிருக்கிறது. இது திருத்துவதற்கு எளிதான காலம்.

பலன் இல்லாத மாதங்களை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதும் அல்ல. டோனாவூரில் வாழ்ந்து மறைந்த எமி கார்மைக்கேல் அம்மையார், நம் திருநெல்வேலிச் சீமையில் தாம் கண்ட ஊழியத்தின் நிலையை, வெற்றி குறைவாகவும் எதிர்ப்பு மிகுதியாகவும் இருந்ததை, உள்ளது உள்ளபடி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, வாசிப்பவர்களின் ஊக்கம் குன்றிவிடும் என்று அந்தக் கையெழுத்துப் பிரதி திருப்பி அனுப்பப்பட்டது. அவர் அதை இனிப்பாக்கித் தரவில்லை. 1903-ல் அது நூலாக வெளிவந்தது. உங்களைப் போலவே தேரவாத பௌத்தர்களிடையே போய் வாழ்ந்தவர் அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன். 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கியபோது அவருக்கு வயது 24. முதல் பர்மியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். இடையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். பதினான்கு மாதத்தில், அதிலும் எட்டு மாதம் பள்ளிப் பலகையின் முன் கழித்துவிட்டு, உங்களிடம் யாரும் அறுவடை கேட்கக் கூடாது. நீங்களும் உங்களிடம் கேட்டுக்கொள்ளக் கூடாது.

கடிதத்தைத் திருத்தச் சொல்வது உங்கள் மன அமைதிக்காக மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். அதனால் பிறருக்கு வரக்கூடிய சேதம் இருக்கிறது. கம்போடியாவின் 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்தை அரச சமயமாக அறிவித்து, பிற சமயத்தாருக்கு வழிபாட்டு உரிமையையும் தருகிறது. ஆனால் பௌத்தர் அல்லாதோர் பொது இடங்களில் சமயப் பரப்புரை செய்வதற்கும், பணமோ பொருளோ காட்டி ஒருவரை மதம் மாற்றுவதற்கும் அங்கே தடை உண்டு. கிறிஸ்தவர்கள் வீடு வீடாகச் சென்று போதிக்கக் கூடாது என்று 2007-ல் சமய அமைச்சகம் ஆணையும் பிறப்பித்தது. நீங்கள் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறீர்கள், அந்த வீட்டுக்கு வாடகையும் தருகிறீர்கள். அதே வீட்டு மூதாட்டி மனம் மாறிவிட்டார் என்ற செய்தி, முகம் தெரியும் படத்தோடு வாட்ஸாப்பில் சுற்றி, என்றாவது அந்த ஊர்க்காரர் ஒருவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தால் அதை எப்படிப் படிப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லப்போகிறவர் நீங்கள் அல்ல, விசா முடிந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடலாம். அந்த இருபது பேர் கொண்ட சபையும் அதன் போதகரும் பாட்டியும் அங்கேயே இருப்பார்கள்.

அந்தச் சபை எப்படிப்பட்ட வரலாற்றின் மிச்சம் என்பதையும் சற்று நினையுங்கள். புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் 1923-ல் அங்கே போனார்கள். முழு வேதாகமம் க்மேர் மொழியில் 1954-ல் வந்தது. 1975-க்கும் 1979-க்கும் இடையில், க்மேர் ரூஜ் ஆட்சியில், அந்தத் திருச்சபை ஏறக்குறைய அழிந்தே போயிற்று; புனோம் பென்னில் இருந்த கத்தோலிக்கப் பேராலயம் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் வெளிப்படையாகக் கூடிவர மறுபடியும் அனுமதி கிடைத்தது 1990-ல்தான். அவ்வளவுக்கும் பிழைத்து வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் ஊரில் ஓர் ஆத்துமா ஆதாயமாயிற்று என்று நம் ஊர்ச் சபைக்கு அறிக்கை கொடுத்துவிட்டோம். பாட்டி ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்பதை அவர் தாய்மொழியிலேயே உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ளக்கூடிய உள்ளூர்ப் போதகர் பக்கத்திலேயே இருந்தும், அவரைக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருகிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்தப் போதகரிடம் போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து உங்கள் மிஷனெரி இயக்கத்தில் உங்களுக்கு மேலே இருக்கும் பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள். அதன் பிறகு உங்கள் சேகர ஆயரைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர் இந்தச் செய்தியைக் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, உங்கள் குரலில் கேட்க வேண்டும். இவ்வளவும் ஆன பின் அடுத்த ஜெபக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, இந்த அளவில் எழுதினால் போதும்:

“ஜூன் மாதக் கடிதத்தில் ஒரு தாயார் இரட்சகரை ஏற்றுக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். அது தவறு. நோயில் இருந்த அவர் நான் ஜெபித்ததற்கு நன்றியாக என் கையைப் பிடித்து மரியாதையாகச் சொன்ன ஒரு சொல்லை, மொழி நன்றாகத் தெரியாமலும், நல்ல செய்தி எழுத வேண்டும் என்ற ஆசையாலும் அப்படி எடுத்துக்கொண்டேன். அவர் என்னைத் தம் பேரனைப் போல நடத்துகிறார். அவர் படத்தை வைத்திருப்பவர்கள் அன்புகூர்ந்து அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இதற்கு மேல் விளக்கமும் வேண்டாம், உங்களை நீங்களே இழிவுபடுத்திக்கொள்ளும் வரிகளும் வேண்டாம். இதைப் படித்துவிட்டு ஒன்றிரண்டு பேர் காணிக்கையை நிறுத்தலாம்; அதற்கும் ஆயத்தமாக இருங்கள். இனி வரும் கடிதங்களில் பிள்ளைகள் கணக்குப் போட்டதையும், மழையில் பாதை மூழ்கியதையும், நீங்கள் தவறாகச் சொன்ன சொல்லுக்கு வகுப்பே சிரித்ததையும் எழுதுங்கள். தாங்குகிறவர்கள் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது அவற்றிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஆயருக்கும் இந்தப் பத்தியின் வழியாகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: இளம் மிஷனெரியிடம் ‘எத்தனை பேர்’ என்று கேட்காமல் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கும் ஒரு மாதாந்தர அழைப்பைச் சேகரத்தின் வழக்கமாக்குங்கள்.

பாட்டியிடமும் சொல்ல வேண்டும். போதகரையோ அவர் மனைவியையோ உடன் வைத்துக்கொண்டு, ‘யேய், நீங்கள் என் சமயத்துக்கு வந்துவிட்டதாக என் ஊருக்குத் தவறாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள்’ என்று கைகூப்பிச் சொல்லுங்கள். அவர் சிரித்துவிட்டுச் சாப்பிட வா என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் நீங்கள் சொன்னது வீண்போகாது.

இப்போது பண்டிகைக்கு வருகிறேன். ப்சும் பென் என்ற பெயரில் உள்ள ‘பென்’, நாம் ‘பிண்டம்’ என்று சொல்லும் அதே சொல்லின் வழிவந்தது. புரட்டாதி மாதத் தேய்பிறையின் பதினைந்து நாட்கள் அது நடக்கிறது. நம் ஊரில் இந்துக் குடும்பங்கள் மகாளய பட்சமாக அனுசரிக்கும் அதே நாட்கள்தாம். இறந்தவர்களின் ஆவிகள், குறிப்பாகப் ‘ப்ரேத்’ என்று அவர்கள் சொல்லும் பசித்த ஆவிகள், அந்நாட்களில் தங்கள் உறவினரைத் தேடி விகாரை விகாரையாக அலைகின்றன என்பது நம்பிக்கை. ஆகவே விடியுமுன், நான்கு மணி இருட்டில், எள் கலந்த சோற்றுருண்டைகளை எடுத்துப்போய் விகாரையைச் சுற்றி வந்து தரையில் இடுகிறார்கள். வீடுகளில் வாழையிலைக்குள் ஒட்டரிசியும் வாழைப்பழமும், அல்லது பன்றி இறைச்சியும் வைத்துக் கட்டி ‘அன்சொம்’ அவிப்பார்கள். நகரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் ஊர் திரும்பும் காலம் அது.

இவ்வளவையும் உங்கள் பயிற்சிக் குறிப்புகளில் ‘முன்னோர் வழிபாடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கியிருப்பார்கள். உங்கள் பாட்டியின் வயதை நீங்கள் எழுதவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டியவர் என்றால், க்மேர் ரூஜ் படை புனோம் பென்னைப் பிடித்த 1975 ஏப்ரல் 17 அன்று அவர் பதின்பருவத்தில் இருந்திருப்பார். அன்று தொடங்கி 1979 ஜனவரி 7 வரை நடந்ததை அந்நாட்டார் ‘மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள்’ என்றே சொல்வது வழக்கம். ஆட்சியின் பெயரைச் சொல்ல விரும்பாதவர்களும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். எட்டு என்பதற்கு க்மேரில் ‘ஐந்து-மூன்று’ என்று பொருள்படும் ‘ப்ராம்பெய்’ என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்பதால், பாட்டி அதைச் சொல்லும்போது உங்கள் காதுக்கு உடனே புலப்பட்டுவிடும். பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் அந்தக் காலத்தில் இறந்தவர்கள் 15 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடையில் என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது. எந்த வயலில், எந்தக் குழியில் கிடக்கிறார்கள் என்பதுகூடக் குடும்பத்துக்குத் தெரியாது. பிக்குகளின் காவி உடை களையப்பட்டது, இப்பண்டிகையும் தடைப்பட்டிருந்தது. பசியால் செத்த தம்பிக்கோ அப்பாவுக்கோ ஒரு கவளம் சோறாவது போய்ச் சேராதா என்று இருட்டில் உருண்டை பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரைத்தான் நீங்கள் அந்த விடியற்காலையில் பார்க்கப்போகிறீர்கள்.

ஆகவே, போகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: உள்ளூர்ப் போதகர் சம்மதித்தால் போங்கள். அவருடைய சொல் என்னுடைய சொல்லைவிட மேலானது. கம்போடியக் கிறிஸ்தவர்களே இதில் ஒரே வழியில் நடப்பதில்லை; விகாரைப் பக்கமே போகாதவர்களும் உண்டு, வயதான பெற்றோரைக் கொண்டுபோய் விட்டு வெளியில் காத்திருக்கிறவர்களும் உண்டு. சபையில் புதிதாக வந்தவர் ஒருவர் உங்களை அங்கே பார்த்து இடறுவார் என்று போதகர் சொன்னால், படைத்த இறைச்சியை உண்டு பிறருக்கு இடறலாகக் கூடாது என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நியாயம் உங்களுக்கும் பொருந்தும், நின்றுவிடுங்கள். அப்போதும் முந்தின நாள் வாழையிலை துடைத்து, நார் கிழித்து, அன்சொம் கட்ட உதவலாம். அதற்கு யாருடைய தடையும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அவர் போகலாம் என்றால், முன்னதாகவே பாட்டியிடம், ‘நான் உங்களுக்குத் துணையாக வருகிறேன், கூடையைத் தூக்கிவருகிறேன், ஆனால் உருண்டை இடுவதும் ஊதுபத்தி ஏற்றி வணங்குவதும் என்னால் முடியாது, நான் இயேசுவை மட்டும் வணங்குகிறவன்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சரியான மரியாதைச் சொற்களில் சொல்லப் போதகரிடம் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்; இந்த இடத்திலும் ஒரு சொல் பிசகக் கூடாது. போனபின் இருட்டில் டார்ச் பிடியுங்கள், படிக்கட்டில் கைகொடுங்கள், செருப்பைக் காத்துக்கொண்டு உட்காருங்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் ராஜாவுக்குக் கைகொடுத்து ரிம்மோன் கோவிலுக்குள் போக வேண்டியிருந்ததைச் சொல்லிக் கலங்கியபோது, தீர்க்கதரிசி எலிசா அவனைக் கண்டிக்காமல் ‘சமாதானத்தோடே போ’ என்றான். அதை எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதியவர் ஒருவரின் கை உங்கள் தோளில் இருக்கும் நேரத்துக்கு அது பொருந்தும் என்றே நம்புகிறேன். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அன்று படமும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம்.

திரும்பி வந்தபின், அவர் விரும்பினால் மட்டும், யாருக்காக அந்த உருண்டைகள் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் உங்கள் வேலை கேட்பது. ‘அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?’ என்று அவரே உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். மனப்பாட விடை எதையும் அப்போது எடுக்காதீர்கள். லாசருவின் கல்லறையருகே, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், நம் ஆண்டவர் முதலில் அழுதார். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

இந்த உரையாடலுக்கு இப்போதுள்ள மொழி போதாது என்பது உங்களுக்கே தெரியும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, தமது இருபத்து நான்காம் வயதில், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அகரம் எழுதிப் பழகினார். பிற்பாடு தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிக் கடிதங்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மாட்டிறைச்சியையும் குடியையும் குளியாமையையும் சொல்லி ஐரோப்பியரை நம்மவர்கள் கண்டித்த வரிகளையும் அதில் அவர் விட்டுவிடவில்லை. உங்களுக்கு அவரைவிட ஒரு வசதி இருக்கிறது. க்மேர் எழுத்து நம் கடற்கரையிலிருந்து போன பல்லவ எழுத்தின் வழிவந்தது. ‘லோக் க்ரூ’ என்று உங்கள் மாணவர்கள் அழைக்கிறார்களே, அந்த ‘க்ரூ’ நம் குருதான். இருந்தும் இரவு ஒன்பது மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் ஊர்க்காரர்களோடு தமிழில் கைபேசியில் கழிந்தால் எந்த மொழியும் நாவில் ஏறாது. அதை வாரம் மூன்று நாளாகக் குறைத்து, மற்ற நாட்களில் பாட்டியோடு அடுக்களையில் உட்காருங்கள். உங்கள் சமயத்தாரைப் பற்றி இந்த ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டு, சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடல்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அந்தப் பேச்சை நம் சபைகளில் நாம் பெருமையோடு நினைவுகூருகிறோம். இன்று வெளிநாட்டிலிருந்து போனவர் என்ற இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்கும் இடத்தில் அந்தப் பாட்டி இருக்கிறார். விகாரைக்கு வா என்று அவர் அழைத்ததை ஒரு சோதனையாகப் பார்த்து அஞ்சியிருக்கிறீர்கள். வெளியாள் ஒருவனைத் தம் வீட்டுத் துக்கத்துக்குள் அழைப்பது எந்த ஊரிலும் சிறிய காரியம் அல்ல.

ஊர் திரும்புவதைப் பற்றி இன்று முடிவெடுக்க வேண்டாம். தூங்காத மனிதன் எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. தூக்கமின்மை சில வாரங்களாக இருப்பதால், கடிதத் திருத்தத்துக்குக் காத்திராமல் புனோம் பென்னில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பசி குறைந்திருக்கிறதா, எதிலும் பற்றில்லாமல் இருக்கிறதா என்று அவர் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும், அன்றே பொறுப்பாளரை அழைத்துப் பக்கத்தில் ஆள் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்; அதை விசுவாசக் குறைவாக யாரும் எண்ண மாட்டார்கள், எண்ணினால் அவர்களிடம் நான் பேசுகிறேன். வாரம் ஒருமுறை, உங்கள் சம்பளத்துக்கும் அறிக்கைக்கும் தொடர்பில்லாத ஒருவரிடம் அரைமணி நேரம் தமிழில் பேசுங்கள். ஞாயிறு முழுவதும் உழைப்பதால் வேறொரு நாளை முழு ஓய்வாக வையுங்கள். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை. ஆனாலும் ப்ரஹோக் என்னும் புளித்த மீன் விழுதின் மணம் தாங்காத நாளில் ஒரு ரசம் வைத்துக் குடிப்பதில் தவறில்லை, பாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்.

இவ்வளவும் செய்து, ஜனவரி வரை இருந்து பார்த்துவிட்டு, அப்போதும் திரும்ப வேண்டும் என்றே தோன்றினால் திரும்புங்கள். பதினெட்டு மாதத்தில் திரும்பி, பிறகு ஊரில் நல்ல ஆசிரியராகவும் நல்ல சபை மூப்பராகவும் வாழ்கிறவர்களை நான் அறிவேன். பொய்யான ஒரு வரியைத் திருத்தாமல் பத்தாண்டுகள் அங்கேயே தங்கினவர்களையும் அறிவேன். அவர்களுடைய களைப்பு வேறு மாதிரியானது.

ஆயரிடம் பேசிய பிறகு, கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இரண்டு நாளுக்குள் படித்துப் பதில் தருகிறேன். விகாரையிலிருந்து திரும்பி வந்து பாட்டி தம் இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னால், அவற்றை எந்த ஜெபக் கடிதத்திலும் எழுத வேண்டாம், எனக்கும் எழுத வேண்டாம். உங்கள் நோட்டில் க்மேர் எழுத்திலேயே எழுதி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவரிடமே காட்டிக் கேளுங்கள்.